வியாழன் சுற்று

சான்போன்
நவம்பர் 14, வியாழன்

தன்பிக்கு,

சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் அப்படியேதான் இருக்கிறது. உன் போனை வாங்கி வைத்துவிட்டார்கள் என்று மடத்தில் சொன்னார்கள். திட்டுவதற்கு வேறு வழியில்லாமல் பேனா எடுத்திருக்கிறேன். நம் ரொட்டிக் கடையில் விலைப் பலகை எழுதுவதைத் தவிர நான் கையால் எழுதிப் பத்து வருடமாவது இருக்கும். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இன்று பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு. தின்றால் பாஸ் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் வாங்குகிற ஒட்டரிசிக் கொழுக்கட்டை, நேற்று மாலை வரை நூற்றைம்பது பெட்டி. ரிப்பன் கட்ட நீ இல்லை. பாதிப் பெட்டி ரப்பர் பேண்டு போட்டுத்தான் போனது. அதைத் தின்று பரீட்சை எழுதிய பிள்ளை எதுவாவது கோட்டை விட்டால் பாவம் உன் தலையில்தான்.

மூன்று மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வியாழன் சுற்று கிளம்பினேன். நீ போனால் அது நின்றுவிடும் என்று நினைத்தாயா? எட்டு வருடமாக வியாழக்கிழமை தவறாமல் நம் குடியிருப்புக்குள் சந்தைக் கூடாரம் போடுகிறார்கள். எட்டு வருடமாக நாமும் ஒரு கடை விடாமல் தின்று தீர்த்திருக்கிறோம். இன்று முதல் முறையாகத் தனியாக நின்றேன். தொக்பொக்கி விற்கிற சித்தி தட்டுக்குப் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"தங்கச்சி எங்க?"

"மலைக்குப் போயிருக்கா."

"எப்ப எறங்குவா?"

"எறங்க மாட்டாளாம். சாமியாராப் போறாளாம்."

சித்தி நான் கேட்காமலே இரண்டு மீன் வடைக் குச்சியை என் தட்டில் வைத்தாள். குழம்பு கொப்புளம் விட்டுக் கொதித்தது. அரிசிக் குழல் பல்லில் பிடிபடாமல் வழுக்கிக்கொண்டு போனது. அவசரப்பட்டு மேலண்ணத்தைச் சுட்டுக்கொண்டேன். பேப்பர் கப்பில் மீன் வடைச் சூப்பை ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டே வீடு வந்தேன். உள்ளங்கைக்கு இதமாக இருந்தது.

சாப்பிடுகிறாயா? அதை மட்டும் எழுது. மற்றது எனக்கு வேண்டாம்.

யோன்ஜு


மடம்
நவம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். மூன்று வேளையும், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல். மிச்சம் வைக்க விடமாட்டார்கள். கடைசியில் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, ஊறுகாய்த் துண்டால் துடைத்து, அந்தத் தண்ணீரையும் குடித்துவிட வேண்டும். நம் வீட்டுச் சிங்க்கில் நான் மூன்று நாள் போட்டு வைத்த பாத்திரங்கள் நினைவுக்கு வரும்.

மழித்த தலையைப் பற்றி நீ கேட்கவில்லை. குளிர்கிறது.

எனக்குச் சமையல்கட்டில் வேலை. விறகடுப்பு என் பொறுப்பு. நேற்றிலிருந்து விடாமல் பனி. இந்த மலையிலேயே சூடான இடம் அடுப்பு வாய் ஒன்றுதான். விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் புகை வாடை அடிக்கும், திட்டாதே.

நான் கோபித்துக்கொண்டு வரவில்லை அக்கா. உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் சும்மா இருந்தேன். விடியற்காலையில் நாம் இரண்டு பேரும் பேசாமல் மாவு பிசைவோமே, அப்போது மனதுக்குள் ஒரு அமைதி வரும். கடை ஷட்டரைத் தூக்கினதும் அது போய்விடும். போகாமல் இருக்கிற இடம் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்க்க வந்தேன். இங்கே இருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை.

ஆனால் உன் கடிதத்தைப் படித்த அன்று ராத்திரி பிரார்த்தனையில் எனக்குத் தொக்பொக்கிதான் தெரிந்தது. நூற்றெட்டு முறை விழுந்து கும்பிட்டேன். நூற்றெட்டு முறையும் அந்தச் சிவப்புக் குழம்பு. தயவுசெய்து சாப்பாட்டைப் பற்றி எழுதாதே.

இல்லை, எழுது.

தன்பி


சான்போன்
டிசம்பர் 12, வியாழன்

தன்பிக்கு,

எழுதாதே என்கிறாய், எழுது என்கிறாய். புத்தர் வருவதற்குள் ஒரு முடிவுக்கு வா.

இந்த வாரச் சுற்றில் புது ஆள் ஒருவர் சேர்ந்திருக்கிறார். ஹோத்தோக் மாமா. ஆள் குட்டை, கை மட்டும் நம் மாவுத் துடுப்பு அளவு. மாவை உருட்டி, பூரணம் வைத்து, எண்ணெயில் போட்டு, வட்டத் தகட்டால் ஒரே அழுத்து. சர்ரென்ற சத்தம் நம் வாசல் வரை கேட்கிறது. இரண்டு வகை. ஒன்றில் கரும்புச் சர்க்கரையும் கடலையும். இன்னொன்றில் கண்ணாடி சேமியாவும் பொடிப்பொடியாக நறுக்கிய பூண்டுத்தாளும். மேலே மொறுமொறுவென்று உடைகிறது, உள்ளே சேமியா சூடு தாங்காமல் பிதுங்குகிறது. சர்க்கரை ஹோத்தோக்கின் பாகு மணிக்கட்டில் வழிந்து ஸ்வெட்டர் கைக்குள் போய்விட்டது. துவைத்தும் போகவில்லை.

அப்புறம் ரயில் நிலையத்து வாசலில், மீன் அச்சில் பயறு வைத்துச் சுடுகிற அந்த மீன் அப்ப வண்டி வந்துவிட்டது. வரிசையில் பதினோரு பேர். எனக்கு முன்னால் ஒருத்தி தன் புருஷனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "தலையிலேருந்து சாப்புடுறவன நம்பக் கூடாதுன்னு எங்கம்மா அப்பவே சொன்னாங்க." அவன் மீனின் தலையைக் கடித்தான். நான் வால் பக்கத்திலிருந்து தொடங்கினேன். வாலுக்குத்தான் நீ என்னிடம் சண்டைக்கு வருவாய். இன்று முழு மீனும் எனக்கே.

வீட்டில் உன் செருப்பு வாசலிலேயே கிடக்கிறது. எடுத்து உள்ளே வைக்கச் சோம்பல். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

யோன்ஜு


மடம்
டிசம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னால் நான் மாட்டிக்கொண்டேன்.

குளிர்கால நீள்ராத்திரிப் பண்டிகைக்குப் பயற்றங்கஞ்சி. கீழூரிலிருந்து முந்நூறு பேர் வந்தார்கள். இரண்டு நாள் அண்டாவைக் கிளறியே என் தோள் இறங்கிவிட்டது. மூத்த பிக்குணிகள் பாவம் பார்த்து, மறுநாள் புதிதாக வந்தவர்களே ஏதாவது பலகாரம் செய்யட்டும் என்றார்கள். நான் உடனே கையைத் தூக்கினேன். ஹோத்தோக். கண்ணாடி சேமியா போட்டு, நீ எழுதியபடியே.

கீழூர்க்காரி ஒருத்தி சமையல்கட்டு வாசலில் ஒரு கட்டு பூண்டுத்தாள் வைத்துவிட்டுப் போயிருந்தாள், வேலையாட்களுக்கென்று. நான் யோசிக்கவே இல்லை. எட்டு வருடப் பழக்கம். நறுக்கினேன், போட்டேன், சுட்டேன். இருபத்திரண்டு பேருக்குப் பரிமாறியும் விட்டேன். பூண்டு, வெங்காயம், பூண்டுத்தாள் எதுவும் மடத்தில் கூடாது என்று முதல் நாளே பாடம் நடத்தியிருந்தார்கள்.

சமையல்கட்டை நடத்தும் மூத்த பிக்குணி சோன்வூ சுனிம் ஒரு கடி கடித்தார். நிறுத்தினார். எழுபது வயது. கடித்ததைத் துப்பவும் முடியாது, மிச்சம் வைக்கவும் முடியாது. மெதுவாக மென்று முழுதும் சாப்பிட்டார்.

"யாரு செஞ்சது?"

"நான்தான் சுனிம்."

"இதத் தின்னு நாப்பத்தோரு வருஷமாச்சு. நல்லாருக்கு. இனிமே செய்யாத."

ஆயிரத்து எண்பது முறை விழுந்து கும்பிடச் சொன்னார்கள். முழங்கால் வீங்கியிருக்கிறது.

அடுப்படியில் ஒன்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டுவிடுகிறேன். நான் கிளம்பின காலையில் உனக்காகப் பயறு பன் சுட்டு வைத்தேன். நீ ஒரு கடி கடித்தாய். தட்டில் வைத்தாய். ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். நீ திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஒவ்வொரு தடவை பயறு வேகும்போதும் அந்தப் பாதி பன் கண்முன் வருகிறது.

தன்பி


சான்போன்
ஜனவரி 9, வியாழன்

தன்பிக்கு,

பன்னைப் பற்றி இப்போது எதற்கு? அன்றைக்குப் பசி இல்லை.

ஆயிரத்து எண்பதைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் முழங்காலை நினைத்து அழுகை வந்தது. ஒட்டுப்பிளாஸ்திரி அனுப்புகிறேன். வெட்கப்படாமல் போட்டுக்கொள்.

உன்னை மாதிரியே நானும் ஒன்று செய்தேன். செவ்வாய்க்கிழமை பூண்டு பிரட் எடுத்த ட்ரேயில் காகிதத்தை மாற்றாமல் கிரீம் பன் சுட்டுவிட்டேன். நாற்பது பன். எல்லாம் விற்றும் போனது. யாரும் வாயைத் திறக்கவில்லை. இன்று சந்தையில் சித்திதான் ஆரம்பித்தாள்.

"யோன்ஜு, அந்தப் பூண்டு கிரீம் பன்னு புது ஐட்டமா? பேத்தி இன்னும் கேக்குறா."

"ஆமா சித்தி, சோதனைக்குப் போட்டேன்."

"கடைக்குள்ள நொழையும்போதே வாசன தூக்குச்சே. உனக்கு தைரியம்தான்."

இனி வாரம் ஒரு நாள் அதையும் போட வேண்டுமாம். பிழைப்பைப் பார்.

நம் பக்கத்து மருந்துக் கடைக்கு எதிரில் உப்பு பன் மட்டும் விற்கிற புதுக் கடை வந்திருக்கிறது. பையன்கள் எல்லாம் கறுப்புத் தொப்பி. போன வாரம் வேவு பார்க்கப் போனேன். அடிப்பாகம் நன்றாக வறுபட்டு, தட்டினால் டொக்கென்கிறது. உள்ளே வெண்ணெய் உருகிப்போன குகை. சுருட்டு ஐந்து மடிப்பு. நாம் நாலுதான் போடுகிறோம். பக்கத்தில் முட்டை பன் வண்டி. முட்டை முழுசாக, மஞ்சள் கரு அசையாமல் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வாங்கிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். சாப்பிட மறந்து மறுநாள் கண்டெடுத்தேன்.

உன்னிடம் பேசிக்கொண்டே நடந்தால் இந்தச் சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். இப்போது இருபது நிமிடம்.

யோன்ஜு


மடம்
ஜனவரி 20

அக்கா,

உன் கடிதங்களை அடுப்பு வெளிச்சத்தில் மறுபடி மறுபடி படிக்கிறேன். இங்கே அது ஒன்றுதான் எனக்குத் தீனி. அப்படிப் படித்ததில்தான் ஒன்று உறைத்தது.

வழுக்கியது, சுட்டது, மொறுமொறுத்தது, வழிந்தது, டொக்கென்றது, உள்ளங்கைக்கு இதமாக இருந்தது. எத்தனையோ பலகாரம் எழுதிவிட்டாய். ஒன்றின் ருசிகூட எப்படி இருந்தது என்று நீ எழுதவில்லை. உறைப்பா, கருகலா, பயறு புளித்திருந்ததா, ஒன்றும் இல்லை. நம் சுற்றே அதற்குத்தானே? பட்டையைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டான் என்று ஒரு ஹோத்தோக்குக்காக அரைமணி நேரம் சண்டை போடுகிறவள் நீ.

இன்னொன்று. நான் இறைச்சிக் கடையில் சாப்பிட்டு வந்தால் வாசலிலேயே உடை மாற்றச் சொல்வாய். புகை வாடை உனக்கு ஆகாது. விறகடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதிவிட்டேன், நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. கிரீம் பன்னில் பூண்டு. நாற்பது பன். கடைக்குள் நுழைகிறவர்களுக்கே தெரிந்திருக்கிறது, ஓவனைத் திறந்த உனக்குத் தெரியவில்லை.

அக்கா, உனக்கு வாசனை தெரியவில்லையா? எப்போதிலிருந்து?

பிப்ரவரி 24 காலை எங்களைத் தீட்சைப் பயிற்சிக்குப் பஸ்ஸில் அழைத்துப் போகிறார்கள். அது முடிந்தால் வாக்குக் கொடுத்துவிடுவேன். அதற்கு முன் உண்மையைச் சொல். பொய் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும். நீ பொய் எழுதும்போது கையெழுத்து நேராக வருகிறது.

தன்பி


சான்போன்
பிப்ரவரி 13, வியாழன்

தன்பிக்கு,

சந்திரப் புத்தாண்டுக்குக்கூடக் கடிதம் போடவில்லை. மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். மூன்றும் நேரான கையெழுத்து.

ஆகஸ்டில் எனக்குக் காய்ச்சல் வந்ததே, அப்போது போனது. நீ அப்போதுதான் மடத்துக்கு எழுதி வைத்திருந்தாய். மேஜையில் உறையைப் பார்த்தேன். இந்த விஷயத்தைச் சொன்னால் நீ போகமாட்டாய். சொல்லாமல் இருந்தால் போய்விடுவாய். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் உன்மேல் எரிந்து விழுந்தேன். அது சுலபமாக இருந்தது.

மூக்கு டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அதற்கு ஒரு படிப்பு. நாக்கில் இனிப்பு தெரிகிறது, எதன் இனிப்பு என்று தெரியவில்லை. உப்பு தெரிகிறது, எதற்குள் இருக்கிற உப்பு என்று தெரியவில்லை. கடிகாரத்தையும் தராசையும் பார்த்து ரொட்டி சுடுகிறேன். டிசம்பரில் ஒரு ட்ரே கரியாகி, மருந்துக் கடைக்காரர் ஓடி வந்து, "உள்ள எரியுது, நீங்க பாட்டுக்கு நிக்கிறீங்களே" என்று கத்தினார். இப்போது ஓவனுக்கு மேல் இரண்டு புகை அலாரம்.

சுற்றுக்குப் போனது உனக்கு எழுத மட்டும் இல்லை. ஒவ்வொரு கடை முன்னாலும் நின்று மூக்கை நீட்டிப் பார்க்கத்தான் போனேன். இன்றைக்காவது ஏதாவது ஒன்று உள்ளே வராதா, தொக்பொக்கி வராவிட்டால் ஹோத்தோக், அதுவும் இல்லையென்றால் மீன் அப்பம். ஒன்றும் வரவில்லை.

உன் பயறு பன்னையும் அதற்குத்தான் கடித்தேன். உன் கையாவது தெரியும் என்று நினைத்தேன். வெறும் இனிப்பு. யார் சுட்டதாகவும் இருக்கலாம். உன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? உள்ளே போய்த் தலையணையில் வாயை வைத்து அழுதேன். மீதியை நீ போன பிறகு தின்றேன், ஒரு துகள் விடாமல். நீங்கள் அங்கே கிண்ணத்தைத் துடைக்கிறீர்களே, அப்படி.

இதைக் காரணம் காட்டி உன்னை இழுக்கிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது. நீயும் சொல்லக் கூடாது.

யோன்ஜு


மடம்
பிப்ரவரி 17

அக்கா,

சோன்வூ சுனிமிடம் சொன்னேன். அவர் அடுப்பில் இரண்டு கட்டை அதிகம் வைத்துவிட்டு, "அழணும்னா இங்க உக்காந்து அழு, புகைன்னு சொல்லிக்கலாம்" என்றார். 

எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். நான் தேடி வந்தது இங்கே இருக்கிறது, தினமும் இல்லை, சில நாள். ஆனால் நீ கடிகாரத்தைப் பார்த்து ரொட்டி சுடுகிறாய் என்று தெரிந்த பிறகு, கண்ணை மூடினால் ஓவன் முன்னால் நீ தனியாக நிற்கிறாய். உனக்கு மூக்காக நான் இருக்க முடியும். எட்டு வருடம் அப்படித்தான் இருந்தோம்.

வா என்று ஒரே ஒரு சொல் எழுது. விரைவுத் தபாலில் போட்டால் 24க்குள் வந்துவிடும். அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டு சான்போன் பஸ்ஸில் ஏறுவேன். வருத்தப்பட்டுக்கொண்டு வரமாட்டேன், சத்தியம்.

நீ எழுதாவிட்டால் போகிறேன். முடிவை உன் தலையில் கட்டுகிறேன் என்று தெரியும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இதையும் அடுப்புப் பக்கத்தில்தான் எழுதினேன். உனக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்.

தன்பி


சான்போன்
பிப்ரவரி 20, வியாழன்

என் தன்பிக்கு,

நேற்று உன் கடிதம் வந்தது. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "வா" என்று எழுதினேன். பெரிய எழுத்தில், விலைப் பலகைக்கு எழுதுகிற தடித்த பேனாவால். கையெழுத்து கோணல்மாணலாக வந்தது, அதனால் உண்மைதான். உறையில் போட்டு ஒட்டினேன். உன் செருப்பைக் கழுவி வெயிலில் வைத்தேன். சித்தியிடம் போய், "அடுத்த வியாழன் ரெண்டு தட்டு" என்றும் சொல்லிவிட்டேன்.

இன்று காலை தபாலில் போட, உறைமேல் மடத்து முகவரி எழுத வேண்டும். மனப்பாடம் இல்லை. கல்லாப் பக்கத்தில் நின்று உன் கடிதத்தைப் பிரித்தேன்.

எதுவோ எரிந்தது.

போட்டது போட்டபடி ஓவனுக்கு ஓடினேன். அணைந்திருந்தது. காலை ரொட்டி முடிந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அடுப்பைப் பார்த்தேன், பிளக்கைப் பார்த்தேன், பின்கதவைத் திறந்து சந்தில் பார்த்தேன். அலாரம் இரண்டும் சும்மா இருந்தன. மருந்துக் கடைக்கு ஓடி, "எங்கயாச்சும் எரியுதா பாருங்க" என்றேன். அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "ஒண்ணும் இல்லீங்களே" என்றார். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். கடிதத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

மூக்கில் வைத்தேன். விறகுப் புகை. ஈர விறகு, தன்பி. காயாத கட்டையை வைத்து எரிக்கிறாய், நான் இல்லாமல் உனக்கு அடுப்புகூடப் பற்றவைக்கத் தெரியவில்லை. மருந்துக் கடை வாசலில், வெள்ளைக் கோட்டுப் போட்ட மனிதருக்கு முன்னால், உன் கடிதத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பாவம், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உன் பழைய கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். முதல் கடிதத்தில் மிகக் கொஞ்சம். பண்டிகைக் கடிதத்தில் அதைவிட அதிகம். இத்தனை நாளும் எல்லாவற்றிலும் இருந்திருக்கிறது. அப்புறம் கடைக்கு வந்து வெண்ணெய், பட்டை, பயறு, ஈஸ்ட் எல்லா டப்பாவையும் திறந்தேன். ஒன்றுமே வரவில்லை. மத்தியானம் உன் கடிதத்திலும் போய்விட்டது. நாளைக்கு வருமோ என்னவோ. டாக்டர் சொன்ன படிப்புதான்.

மூன்று மணிக்கு வழக்கம்போலச் சுற்றுக்குப் போனேன். ஹோத்தோக் மாமா, மீன் அப்பம், முட்டை பன். எதுவும் தெரியவில்லை, ஆனால் முதல் முறையாக அவசரப்படாமல் நடந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. நடந்துகொண்டே யோசித்தேன். நீ என் பக்கத்தில் வந்து நின்று, நான் சுடும் ஒவ்வொன்றையும் முகர்ந்து சொல்லியிருப்பாய். என் மூக்கு அங்கேயே தூங்கியிருக்கும். ஆறு மாதமாக இந்தத் தெரு முழுவதும் எதைத் தேடி அலைந்தேனோ, அது நீ உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து வந்தது. நீ போய்விட்டாய் என்றுதான் இதுவரை எனக்குத் தெரியும். ஒரு இடத்தில் இருக்கிறாய் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

"வா" என்று எழுதிய உறை கல்லாப்பெட்டியில் இருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை. அனுப்பவும் இல்லை. இதை அனுப்புகிறேன், விரைவுத் தபாலில்.

திங்கட்கிழமை பஸ் ஏறு. சத்தியமாகத்தான் சொல்கிறேன், எழுத்தைப் பார்த்துக்கொள், ஒரு வரியாவது நேராக இருக்கிறதா? சித்தியிடம் இரண்டாவது தட்டு வேண்டாம் என்று சொன்னேன். "அப்ப அவ வரலியா?" என்றாள். "அவ அங்கதான் இருக்கா சித்தி" என்றேன். உன் செருப்பு காய்ந்துவிட்டது, உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.

தீட்சை முடிந்து உன்னை எந்த மடத்துக்கு அனுப்பினாலும், போனதும் முதல் வேலையாக அடுப்பு எங்கே இருக்கிறது என்று கேள். அதன் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு எழுது. எழுத விஷயம் இல்லாவிட்டால் வெறும் தாளை அனுப்பு.

உன் அக்கா
யோன்ஜு